இல்லாத இயந்திரத்தின் பன்னிரண்டு நாட்கள்

பிப்ரவரி 4

சின்னவளுக்கு,

நீ பதில் போட்டு மூன்று வாரம் ஆகிறது. கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரியாவது எழுதிப் போடு. விடுதியில் போன் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அது வார்டன் அம்மாவின் அறையில் இருக்கிறது. நாம் பேசி முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டுவார். எனக்குச் சாதாரணமாகவே வாயில் வார்த்தை வராது. அந்த நகவெட்டியின் சத்தத்தில் அடியோடு வராது. அதனால் கடிதம்தான்.

ஒரு செய்தி. எங்கள் சலவைக்கூடத்தில் ஷிஃப்ட் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தினமும் காலை ஏழு மணிக்குள் எந்த இயந்திரம் எப்படி இருக்கிறது என்று அதில் இங்கிலீஷில் எழுத வேண்டும். மேலே அலுவலகத்தில் அப்படித்தான் கேட்கிறார்கள். "யாருக்கு எழுத வரும்?" என்று சூப்பர்வைசர் கேட்டபோது நான் கை தூக்கவில்லை. உருளை அக்காதான் என் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். "இவ எழுதுவா சார். மடிக்கிற மேசையில கெடக்கிற அட்டையெல்லாம் இங்கிலீஷா கிறுக்கி வச்சிருக்கா" என்றார். உருளை அக்கா என்றதும் குண்டு என்று நினைத்துவிடாதே. ஆள் துடைப்பக்குச்சி மாதிரி. ஆஸ்பத்திரி விரிப்புகளை உள்ளே இழுத்துத் தேய்க்கும் சூடான உருளை இயந்திரத்தில் பதினோரு வருடமாக நிற்கிறார். அதனால் அந்தப் பெயர். ஜனவரி 24 முதல் புத்தகம் என் கையில்.

இன்னொன்று. ஏப்ரலில் அலுவலகத்தில் ஒரு மேசை காலியாகிறது. எழுத்துத் தேர்வு வைக்கிறார்கள். பள்ளி முடித்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. எனக்கு அந்த மேசை வேண்டும். இந்த நீராவியை விட்டு வெளியே வர எனக்கு வேறு கதவு தெரியவில்லை.

பெரிய வார்த்தைகள் எனக்குப் பயமில்லை, அகராதியில் கிடைக்கும். சின்ன வார்த்தைகள்தான் உயிரை வாங்குகின்றன. டியூட்டி தெரியும். ஆன் என்றால் மேலே என்றும் தெரியும். 'ஆன் டியூட்டி' என்றால் வேலையின் மேல் ஏறி நிற்பதா? 'அண்டர் ரிப்பேர்' என்றால் பழுதுக்கு அடியிலா? 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்பது ஒழுங்கை விட்டு வெளியே போனதா? நமக்கு மேசைமேல், மேசைக்கடியில் என்று பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அவர்களுக்கு முன்னால் வந்து நிற்கிறது. தனியாக இருக்கும்போது சாதுவாக இருக்கிற வார்த்தை கூட்டாளியோடு சேர்ந்ததும் வேறு ஆளாகிவிடுகிறது.

உன் வகுப்பில் சொல்லித் தருவார்களே. எதற்கு முன்னால் எது வரும், ஏன் வரும் என்று எழுதி அனுப்பு. ஏன் என்பதுதான் முக்கியம்.

பெரியவள்

பிப்ரவரி 12

பத்து நிமிடம் முன்னால் பிறந்துவிட்ட அக்காவுக்கு,

கோபம்தான். உன்மேல் இல்லை, உன் புகழ்மேல். அம்மா எனக்கு எழுதும் கடிதத்தில் முதல் பாதி, எனக்காகப் படிப்பை விட்ட உன் தியாகம். இரண்டாம் பாதி நான் அதற்கு லாயக்கா என்ற விசாரணை. அதைப் படித்துவிட்டு உனக்கு என்னடி எழுதுவது? உன் தியாகம் நலமா என்றா? என்னை வீட்டில் தங்கவைத்திருக்கும் அத்தை வேறு சோறு போடும்போதெல்லாம், "ரெண்டு பேருக்கும் சேத்து நீ படிக்கணும் கண்ணு" என்கிறார். எனக்கு ஒரு ஆளுக்குப் படிக்கவே மூச்சு வாங்குகிறது.

சரி, உன் சின்ன வார்த்தைகள். ஏன் என்று கேட்காதே, ஏன் கிடையாது. எங்கள் இங்கிலீஷ் மிஸ் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அதெல்லாம் மாத்திரைடி. கடிச்சுப் பாக்காத, முழுங்கு." யோசித்துப் பார். தலைக்கு மேல் வேலை என்கிறோமே, தலையில் கூடையா இருக்கிறது? கையும் களவுமாகப் பிடித்தார்கள் என்கிறோமே, களவு என்ன இன்னொரு கையா? வெளியாள் யாராவது ஏன் என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்? "அது அப்படித்தான்" என்பாய். அவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

தனித்தாளில் முப்பது எழுதியிருக்கிறேன். 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பில். 'இன் கேஸ் ஆஃப்' என்றால் அப்படி நேர்ந்தால். 'ஆன் பிஹாஃப் ஆஃப்' என்றால் ஒருவர் சார்பில். 'பை மிஸ்டேக்', ஆனால் 'ஆன் பர்ப்பஸ்'. தெரியாமல் செய்தால் ஒரு வார்த்தை, வேண்டுமென்றே செய்தால் வேறு வார்த்தை. இதை மாற்றி எழுதி நான் மூன்று மதிப்பெண்ணைக் கோட்டை விட்டேன், நீயாவது விடாதே.

உன் புத்தகத்தில் பழைய பக்கங்கள் இருக்குமே. அதைப் பார்த்து அப்படியே எழுது. தப்பே வராது.

சின்னவள்

பிப்ரவரி 26

சின்னவளுக்கு,

முப்பதையும் விழுங்கிவிட்டேன். விரிப்பின் நான்கு மூலையைச் சேர்த்து மடிக்கும்போது ஒரு விரிப்புக்கு ஒன்று என்று சொல்லிக்கொள்வேன். நூறு விரிப்பு முடிவதற்குள் மூன்று சுற்று வந்துவிடும்.

பழைய பக்கத்தைப் பார்த்துத்தான் முதல் நாளிலிருந்தே எழுதுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் ஒன்று இருக்கிறது. ஒன்று, இரண்டு எண் இயந்திரங்களின் பாதுகாப்புக் கம்பிகள் சோதிக்கப்பட்டன, 'இன் வொர்க்கிங் ஆர்டர்', அதாவது ஒழுங்காக வேலை செய்கின்றன, என்று முடியும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. விரிப்போடு சேர்ந்து விரல் போனால் அந்தக் கம்பியில் இடிக்கும், உடனே உருளை நின்றுவிடும். காலையில் இயந்திரத்தை ஓடவிட்டு அந்தக் கம்பியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். நின்றால் சரி. இதைத்தான் அந்த வாக்கியம் சொல்கிறது. 'இன் வொர்க்கிங் ஆர்டர்.' முதலில் வேலை செய்யும் வரிசைக்குள் என்று நினைத்துத் தடுமாறினேன். இப்போது யோசிக்காமல் வருகிறது.

ஆறே முக்காலுக்கு சூப்பர்வைசர் மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். அந்தக் கால் மணி நேரம் எனக்கு மின்விசிறி, நாற்காலி, நல்ல பேனா. நேற்று அவர் எட்டிப் பார்த்து, "எழுத்து அச்சு மாதிரி இருக்கு. ஏப்ரல் மறக்காத" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். உருளை அக்கா கூடக் கேட்டார்.

"தினமும் அப்படி என்னத்தடி எழுதற?"

"உங்க மெஷின் நல்லா இருக்குன்னு எழுதறேன்க்கா."

"இருந்தா சரி" என்று சிரித்தார்.

தேர்வு ஏப்ரல் 10. இன்னும் முப்பது அனுப்பு.

பெரியவள்

மார்ச் 7

சின்னவளுக்கு,

முப்பது அனுப்ப வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை உருளை அக்காவின் வலது கை ஒன்றாம் எண் இயந்திரத்துக்குள் போய்விட்டது. விரிப்பின் ஓரம் மடங்கியிருந்தது. அதை நீவிவிடக் கையை நீட்டினார். கம்பியில் கை இடித்தது, நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். உருளை நிற்கவில்லை. யாரோ ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்தார்கள். அதற்குள் மூன்று விரலும் உள்ளங்கையும் வெந்துவிட்டன. அக்கா கத்தவில்லை. "எடுங்க, எடுங்க" என்று மட்டும் சொன்னார், ஏதோ அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கச் சொல்வது போல.

நாங்கள் விரிப்பு அனுப்புகிற ஆஸ்பத்திரியிலேயே அவர் படுத்திருக்கிறார்.

அன்று மாலையே மெக்கானிக் வந்து கம்பியின் ஸ்பிரிங்கை மாற்றினார். கேட்டால் எண்ணெய் விட்டதாகச் சொல்கிறார். சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டு, அக்கா வேலை சீக்கிரம் ஆகவேண்டும் என்று கம்பி அசையாதபடி துணியைக் கட்டி வைத்திருந்தார், அதனால்தான் நிற்கவில்லை என்றார். துணி எதுவும் இல்லை. ஆனால் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினோம். அக்காவை வேலையிலிருந்து எடுக்கப் போகிறார்களாம். மேலிடத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி ஒருவர் 22ஆம் தேதி விசாரணைக்கு வருகிறார். அன்றைக்கு முடிவாகும்.

சூப்பர்வைசரின் மேசையில் புத்தகம் திறந்தே கிடக்கிறது. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் என் எழுத்தில் 'இன் வொர்க்கிங் ஆர்டர்' என்று இருக்கிறது.

நான் தள்ளிப் பார்க்கவில்லை. அன்று மட்டும் இல்லை, ஒரு நாளும் பார்க்கவில்லை.

பெரியவள்

மார்ச் 11

அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. முதலில் ஒன்று சொல். இதை வேறு யாரிடமாவது சொன்னாயா? சொல்லாதே. அம்மாவுக்கு எழுதாதே. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரியிடம்கூட வாயைத் திறக்காதே. வாயைத் திறக்காமல் இருப்பது உனக்குக் கைவந்த கலைதானே, இப்போது அது உதவட்டும்.

நான் இரண்டு நாளாக யோசித்தேன். அந்த அதிகாரி கேட்டால், "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நேற்றைய பக்கத்தைப் பார்த்து வரைந்தேன்" என்று சொல். பாதியில் நின்ற பெண் என்று எல்லோருக்கும் தெரியும். யாராவது நம்பாமல் இருப்பார்களா? உன்மேல் குற்றம் வராது. பொய்யும் பெரிதாக இல்லை. நீ பார்த்துத்தானே எழுதினாய்.

அந்த அக்காவுக்கு நடந்தது கொடுமை. நீ கம்பியைத் தள்ளிப் பார்க்காததால் மட்டும் நடக்கவில்லை. உன்னை யாரும் தள்ளிப் பார்க்கச் சொன்னார்களா? எழுதத்தானே சொன்னார்கள்?

கடிதம் கிடைத்ததும் போன் செய். வார்டன் நகம் வெட்டினால் வெட்டட்டும்.

சின்னவள்

மார்ச் 15

சின்னவளுக்கு,

போன் செய்ய மாட்டேன்.

நீ சொன்னதை உனக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர். வியாழக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். எழுதாத நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"கம்பிய நான் தெனமும் டெஸ்ட் பண்ணிட்டு உங்கிட்ட சொல்வேன், நீ எழுதுவ. அவ்ளோதான். எழுதினதுக்கு அர்த்தம் உனக்குத் தெரியாது. கேட்டா இத மட்டும் சொல்லு பாப்பா. ஏப்ரல் பத்தாம் தேதி பரீட்சை இருக்குல்ல? மனசுல வச்சுக்க."

தலையை ஆட்டினேன். என் தலை யார் எது சொன்னாலும் முதலில் ஆடிவிடுகிறது.

ஆனால் பார். நான் அப்படிச் சொன்னால் கம்பி சோதிக்கப்பட்டது என்று ஆகிவிடுகிறது. பிறகு உருளை நிற்காததற்கு ஒரே காரணம் அக்கா கட்டிய துணிதான். நீ பெரிதில்லை என்று சொன்ன பொய்யால் போகிறது அக்காவின் வேலை.

இன்னொன்றும் உண்டு. எனக்கு அர்த்தம் தெரியும். அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் தெரியும், உனக்கே விளக்கி எழுதினேனே. தெரிந்துகொண்டு எழுதினேன். 'பை மிஸ்டேக்' என்றும் சொல்ல முடியவில்லை, 'ஆன் பர்ப்பஸ்' என்றும் சொல்ல முடியவில்லை. உன் பட்டியலில் நான் செய்ததற்கு வார்த்தை இல்லை. எனக்கு அந்த எழுத்து பிடித்திருந்தது, மின்விசிறி பிடித்திருந்தது, எழுந்துபோய்ப் பார்க்கத் தோன்றவில்லை. நீ மாத்திரை முழுங்கு என்றாய். நானும் தண்ணீர்கூட இல்லாமல் முழுங்கினேன். உன்மேல் கோபம் வருகிறது. உன்மேல் கோபப்படுவது சுலபமாக இருப்பதால் வருகிறதோ என்னவோ.

நேற்று சாப்பாட்டு இடைவேளையில் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஜனவரி 16க்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அன்றுதான் இரண்டாம் எண் இயந்திரத்தை லாரியில் ஏற்றிப் பழுது பார்க்க அனுப்பினார்கள். 27 மாலைதான் திரும்பி வந்தது. பன்னிரண்டு நாள் அந்த இடம் வெறும் தரை. நாங்கள் தள்ளுவண்டிகளை நிறுத்திவைத்தோம். அந்தப் பன்னிரண்டு நாளும் இரண்டாம் எண் இயந்திரத்தின் கம்பி சோதிக்கப்பட்டது, 'இன் வொர்க்கிங் ஆர்டர்' என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே சூப்பர்வைசரின் கையெழுத்து.

எட்டு நாள் பழைய ஆளின் எழுத்து. கடைசி நான்கு நாள் என்னுடையது. தலையை நிமிர்த்தியிருந்தால் காலி இடம் தெரிந்திருக்கும். நான் நிமிரவில்லை.

இதைக் காட்டினால் யாருமே எதையும் சோதித்ததில்லை என்று தெரிந்துவிடும். என் மேசையும் போய்விடும். ஒருவேளை வேலையே போகலாம். ஏழு நாள் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பெரியவள்

மார்ச் 18

அக்கா,

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். நல்லவள் மாதிரி பதில் எழுதலாம் என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். வரவில்லை. உள்ளதை எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டு.

உனக்கு வேலை போனால் அடுத்தது நான். அம்மா மறுநாளே என்னைக் கூப்பிட்டுக்கொள்வார். அன்று, "ரெண்டு பேர்ல ஒருத்திதான் படிக்க முடியும்" என்று அம்மா சொன்னபோது நீ ஒன்றும் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தானே நின்றேன், உன் மூச்சு மாறியதுகூடக் கேட்டது. "அவளையும் கேளுங்கம்மா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாயாடி என்று பெயர் எடுத்தவள் அன்றைக்குப் பார்த்து ஊமையாகிவிட்டேன். எனக்குப் பள்ளி வேண்டியிருந்தது. இப்போதும் வேண்டும். அதனால்தான் உனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லச் சொன்னேன். உனக்காக இல்லை.

அரையாண்டில் நான் இங்கிலீஷில் தோற்றுவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. மிஸ் மாத்திரை என்று சொன்னதாக எழுதினேனே, மிஸ் அப்படிச் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன். நீ ஏன் ஏன் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அந்த முப்பதும் கைடைப் பார்த்து எழுதியது.

நீயே முடிவு செய். நான் எது சொன்னாலும் அதில் என் பள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும்.

சின்னவள்

மார்ச் 23

சின்னவளுக்கு,

நேற்று நடந்தது.

மாடியில் சின்ன அறை. அதிகாரி அம்மாவுக்கு நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்தில் மேனேஜர். சுவரோரம் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உருளை அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்து உட்காரவைத்திருந்தார்கள். கை முழுவதும் வெள்ளைக் கட்டு. அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"இது உன் எழுத்தாம்மா?"

"ஆமாங்க."

"என்ன எழுதியிருக்கன்னு தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர், "பாவம் மேடம், படிப்ப பாதியில விட்ட பொண்ணு. நான் சொல்றத எழுதும். அர்த்தமெல்லாம் தெரியாது" என்றார். குரலில் அவ்வளவு பரிவு. என் தலை வழக்கம்போல ஆடப் பார்த்தது. கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி அவர் பக்கம் திரும்பாமலே, "நான் பொண்ணக் கேட்டேன்" என்றார்.

"தெரியும்" என்றேன்.

"சத்தமா சொல்லு."

"தெரியுங்க."

"எங்க, சொல்லு பாப்போம்."

விரலை வாக்கியத்தின்மேல் வைத்து, நகர்த்தி நகர்த்தித் தமிழில் சொன்னேன். ஒன்றாம் எண், இரண்டாம் எண். கம்பிகள். சோதிக்கப்பட்டன. ஒழுங்காக வேலை செய்கின்றன.

"நீ சோதிச்சியா?"

"இல்லைங்க."

"அவர் சோதிச்சு உனக்குச் சொன்னாரா?"

"இல்லைங்க. நேத்துப் பக்கத்தப் பாத்து எழுதினேன்."

"பொய் மேடம், அந்தப் பொம்பளையோட சேந்துக்கிட்டு..." என்று சூப்பர்வைசர் தொடங்கினார். நான் புத்தகத்தைப் பின்னால் புரட்டினேன். தாள் ஒட்டிக்கொண்டு வரவில்லை, கை அப்படி வேர்த்திருந்தது. ஜனவரி 16ஐக் காட்டி, "இதுலேர்ந்து பன்னெண்டு நாள் ரெண்டாம் நம்பர் மெஷின் இங்க இல்லைங்க. லாரில போயிருந்துச்சு" என்றேன்.

மேனேஜர் எழுந்துபோய் வாசல் காவலரின் வண்டிப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். போன தேதியும் வந்த தேதியும் அதில் இருந்தன. அதிகாரி பன்னிரண்டு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"கடைசி நாலு நாள் உன்னுது."

"ஆமாங்க."

"இல்லாத மெஷினுக்கும் சேத்து எழுதியிருக்க. இத ஏன்மா எங்கிட்ட காட்டற?"

அக்காவின் கையைப் பார்த்தேன். அப்போதுதான் அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நன்றி இல்லை அதில்.

அக்காவின் வேலைக்கு ஒன்றும் ஆகாது. துணி கட்டியதாக எழுதியிருந்த தாளை அதிகாரி தன் முன்னாலேயே ரத்துசெய்யச் சொன்னார். சூப்பர்வைசரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் ஏப்ரல் தேர்வுப் பட்டியலில் இருந்த என் பெயரை மேனேஜர் என் கண் முன்னாலேயே அடித்தார். ஒரே கோடுதான். ஒரு வருடத்துக்கு விண்ணப்பிக்கக் கூடாதாம்.

படி இறங்கும்போது உருளை அக்கா பின்னால் வந்தார். "பக்கத்துலயே நின்னுதானடி தெனமும் எழுதின" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் படியிலேயே நின்றேன், அவர் இறங்கிப் போய்விட்டார்.

உன் பள்ளி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ அன்று பேசாததைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் பேசவில்லையே. இப்போதைக்கு அதை விடு.

பெரியவள்

மார்ச் 30

அக்கா,

முதல் நாள் உன்மேல் கடுங்கோபம். இரண்டாம் நாள் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். நீ சொன்னால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய், அம்மா மீதியைத் தானாகக் கற்பனை செய்துகொள்வார். அதனால் முழுக்கதையையும் சொன்னேன். என் அரையாண்டு மதிப்பெண்ணையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். ஒரே திட்டில் இரண்டும் கழிந்துவிடும் என்ற கணக்கு.

அம்மா, "ஒருத்தி வாயே தொறக்க மாட்டா, இன்னொருத்தி மூட மாட்டா. எனக்குன்னு ரெண்டு பேரும் ஒரே வாரத்துல உண்மையச் சொல்லணுமா?" என்றார். என்னை நிறுத்துவதாக இன்னும் சொல்லவில்லை. நிறுத்த மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் போய் நிற்கிறேன்.

மிஸ்ஸிடம் போய் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொன்னேன். "இத்தன நாளா எங்கடி போயிருந்த?" என்று கேட்டு, வகுப்பு முடிந்ததும் தினமும் அரை மணி உட்காரச் சொல்லியிருக்கிறார். முதல் நாளே நீ கேட்ட ஏன் என்பதைக் கேட்டேன். சிலவற்றுக்குக் காரணம் இருக்கிறதாம். சிலவற்றுக்குத் தனக்கும் தெரியாதாம். அவ்வளவு சாதாரணமாகத் தெரியாது என்றார்!

ஏப்ரல் இல்லாவிட்டால் போகிறது. அடுத்த வருடத்துக்கு மேசை ஓடிப்போய்விடாது. உருளை அக்கா திரும்பி வந்தாரா? உன்னோடு பேசினாரா? அதை எழுது.

சின்னவள்

ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

அம்மாவின் கடிதம் எனக்கு வந்தது. அதில் உன்னை நிறுத்துவது பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

உருளை அக்கா திங்கட்கிழமை வந்தார். வலது கையில் கட்டு இன்னும் இருக்கிறது, விரிப்பு பிடிக்க முடியாது. இயந்திரத்தின் பக்கத்தில் நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. புதிய விதி வந்திருக்கிறது. புத்தகத்தை இனி மேசையில் வைத்து எழுதக் கூடாது, இயந்திரத்தின் முன்னால் நின்றுதான் எழுத வேண்டும். எழுதுகிறவர் ஒரு கையெழுத்து, அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பானவர் ஒரு கையெழுத்து. எழுதும் வேலையை வேறு யாரும் ஏற்க மாட்டேன் என்றுவிட்டார்கள். அதனால் என்னிடமே இருக்கிறது. ஒன்றாம் எண்ணின் பொறுப்பு அக்காவுக்கு.

இரண்டு நாள் விடுப்பில் இருந்த சூப்பர்வைசரும் அன்று வந்திருந்தார். என்னிடம் பேசுவதில்லை. சற்றுத் தள்ளி நின்றார்.

நான் புத்தகத்தோடு போனேன். அக்கா இயந்திரத்தை ஓடவிட்டார். "தள்ளு" என்றார். தள்ளினேன். உருளை நின்றது. நான் பேனாவைத் திறந்தேன்.

"இன்னொரு தடவ."

மறுபடி ஓடவிட்டுத் தள்ளினேன். நின்றது.

மூன்றாவது தடவை ஓடவிட்டதும் அவர் தன் இடது கையைக் கொண்டுபோய்க் கம்பிக்கு இந்தப் பக்கம், விரிப்பு வைக்கும் பலகையின்மேல் வைத்தார். நல்ல கை. உருளைக்கு ஒரு சாண்தான் இருக்கும். என்னையே பார்த்தார்.

"தள்ளு."

"அக்கா, கைய எடுங்க."

"நீ தள்ளு."

தள்ளினேன். என் முழு பலத்தோடு தள்ளினேன். நின்றது. அவர் கையை எடுத்தார்.

எழுதினேன். நேற்றைய பக்கத்தைப் பார்க்கவில்லை. ஒன்றாம் எண்ணின் கம்பியை மூன்று முறை தள்ளினோம், மூன்று முறையும் நின்றது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். கோணல்மாணலாக வந்தது.

"படி" என்றார். படித்தேன். "தமிழ்ல சொல்லு." சொன்னேன். அதற்குப் பிறகுதான் பேனாவை இடது கையில் வாங்கினார். அந்தக் கையில் அவர் ஒருநாளும் எழுதியதில்லை. ஒரு எழுத்தைப் போட்டுவிட்டு நிறுத்துவார், மூச்சு விடுவார், அடுத்ததைத் தொடங்குவார். நான் புத்தகத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தேன். ஏழு மணிக்கு மணி அடித்தது. விரிப்பு நிறைந்த வண்டிகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. சூப்பர்வைசர் உட்பட யாரும், ஆரம்பி என்று சொல்லவில்லை. அக்கா போட்டு முடிக்கும்வரை எல்லோரும் நின்றார்கள்.

பெரியவள்